எனக்குக் கொடுத்த மூன்று நிமிடம்

கடிதத்தின் நான்காவது வரிதான் என் தலையில் விழுந்தது. மருத்துவமனை இரண்டு தெரு தள்ளிப் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது, சாமான்களை இடம் மாற்ற மூன்று குழுக்களைக் கூப்பிட்டிருக்கிறோம், ஒவ்வொரு குழுவும் பதினைந்து நிமிடத்துக்குள் தன் திட்டத்தை விளக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் மூன்று வரி. அதுவரை நல்ல செய்தி. நான்காவது வரியில், கடைசி மூன்று நிமிடம் வேலை நடக்கும் இடத்தில் நின்று பொறுப்பேற்கப் போகிறவரே பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் குழுவில் அது நான். விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். எழுத்து மாறவில்லை.

மச்சானிடம் கொடுத்தேன். மச்சான் என் மனைவியின் தம்பி. குழுவில் மற்ற நாலு பேரும் தூக்குவோம், அவன் பேசிக்கொண்டே தூக்குவான். அவனுக்கு ‘மைக்’ என்று பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாத மைக். கடிதத்தைப் பார்த்ததும் அவன் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

“பன்னெண்டு நிமிஷத்துல அவங்களைச் சாய்ச்சுடுவேன் அத்தான். நீங்க கடைசில வந்து முடிச்சு வச்சா போதும்” என்றான்.

முடித்து வைப்பது சுலபம் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வேலை எங்களுக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஐந்து பேரும் ஒரு மேஸ்திரியிடம் இருந்தோம். நான் பதினாறு வருடம் இருந்தேன். எங்களில் பெரியவன், சின்னவன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரு நாள் மாடிப்படியில் பீரோ சரிந்து சின்னவன் காலில் விழுந்தது. மேஸ்திரி ஓடி வந்தார். வந்தவர் பீரோவைத் தடவிப் பார்த்தார். கீறல் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் காலைப் பார்த்தார். அன்றைக்கு ஐந்து பேரும் ஒன்றாக வெளியே வந்தோம். எல்லாரும் பெரியப்பா என்று கூப்பிடுகிற ஓட்டுநரிடம் ஒரு பழைய லாரி இருந்தது. அதை வைத்துச் சொந்தமாகத் தொடங்கினோம்.

சிறு சிறு வீடுகள் கிடைத்தன. தொடர்ந்து கிடைக்கவில்லை. சின்னவனும் அவன் அண்ணனும் இந்த மாதம் முடிந்ததும் மேஸ்திரியிடமே திரும்பிப் போகிறோம் என்று என்னிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பேர் போய்விட்டால் மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு பீரோவைக்கூட மாடி ஏற்ற முடியாது. பிறகு நானும் அந்த மேஸ்திரியின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அது நடக்கக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஒத்திகை எங்கள் வீட்டில்தான். ஜன்னல் ஓரம் மனைவியின் தையல் இயந்திரம், அதன் பக்கத்தில் துணி வெட்டுகிற மேசை. மேசை மேல் மச்சானின் லேப்டாப். மனைவி வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டே கேட்பாள். பெரியப்பா வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார்.

மச்சான் பத்து ஸ்லைடு செய்திருந்தான். லாரி படம், பெட்டி படம், எத்தனை பேர், எத்தனை நடை. எங்கள் எல்லாருக்கும் பிடித்தது ஆறாவது ஸ்லைடு. மருத்துவமனையின் பதிவறையில் நோயாளிகளின் ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இடத்தைப் பார்க்கப் போனபோது கதவோரம் நின்று நான் அதை அரை நிமிடம் பார்த்தேன். எண்கள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. “குப்பையைக் கொட்டின மாதிரி வச்சிருக்காங்களே” என்று மச்சானிடம் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ‘கலைந்து கிடக்கும் கோப்புகளை ஒன்று முதல் எண் வரிசைப்படி அடுக்கித் தருகிறோம். முற்றிலும் இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். வேறு எவனும் இதைச் சொல்லப் போவதில்லை என்று அவனுக்கு ஒரே பெருமை.

என் மூன்று நிமிடத்தையும் அவனே எழுதிக் கொடுத்தான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். படிப்பேன். ஆனால் ஒரு நீள வாக்கியத்தின் கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் அதன் தொடக்கம் கையை விட்டு நழுவியிருக்கும். அதனால் மனப்பாடம் செய்து சொன்னேன். கடைசி வரி, ‘வாருங்கள், வருங்காலத்தை ஒன்றாகச் சுமப்போம்.’

மனைவி குண்டூசியை எடுத்தாள். “வருங்காலம் எத்தனை கிலோ?”

“லிஃப்ட்ல போகுமான்னும் கேளு” என்றார் பெரியப்பா.

மச்சான் அதை அடித்துவிட்டு வேறு எழுதினான். இந்த முறை அவன் பேசினதையெல்லாம் நான் சுருக்கித் திரும்பச் சொல்ல வேண்டும். பாதியிலேயே மனைவி இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். சொன்னதையே சொன்னால் என் கை தானாக வேலைக்குப் போய்விடுகிறது, நான் என்ன செய்ய என்றாள். மூன்றாவது முறை, நன்றி சொல்லி, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று முடித்தேன். நன்றி என்ற சொல் காதில் விழுந்ததுமே பையைத் தேடத் தோன்றுகிறது என்றாள்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நீயே சொல்லுக்கா, எப்படி முடிக்கிறதுன்னு.”

“எனக்கென்னடா தெரியும், நான் கேக்கறவ. எழுந்து போறப்ப என் கையில ஏதாவது இருக்கணும். இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல.”

அவள் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டைக் காலி செய்தோம். கைக்குழந்தை இருக்கிற வீடு. அந்தப் பெண் குழந்தையின் மெத்தையையும் பால் காய்ச்சுகிற பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தாள். அதெல்லாம் கடைசியில் ஏற்றலாம், இப்போது ஓரமாக வையுங்கள் என்று சொன்னேன். ஆயிரம் வீட்டில் சொன்னதுதான். லாரியில் கடைசியாக ஏற்றுவதுதான் போன இடத்தில் முதலில் இறங்கும். ஆகையால் போனவுடன் எது தேவையோ அதைக் கதவை ஒட்டி வைப்போம். குழந்தை அழும்போது அடியில் கிடக்கிற பீரோவை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மெத்தையை வைத்துக் கதவைச் சாத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் பேசிவிட்டு வந்த பிறகு மருத்துவமனைக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் பேசுவார்கள். அப்போது முதலில் அவர்கள் கையில் தட்டுப்படுவது நான் கடைசியாக வைத்ததுதான். அங்கே வருங்காலத்தையும் நன்றியையும் வைத்துவிட்டு வந்தால் எந்தக் குழந்தை அழுகையை நிறுத்தும்? அவர்களுக்கு முதலில் எது தேவை என்று எங்களில் யாரும் கேட்கவே இல்லை. எங்களுக்குச் சொல்லத் தோன்றியதைத்தான் அடுக்கி வைத்திருந்தோம்.

“அடிச்சுச் சாத்துப்பா, உள்ள போய்ப் படுத்துக்கப் போறியா?” என்று பெரியப்பா முன்னாலிருந்து குரல் கொடுத்தார்.

விளக்கத்துக்கு முந்தின நாள் காலை ஒரு வெறும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பெரிய வேலை என்றால் நான் அப்படித்தான். பழைய இடத்திலிருந்து புது இடம் வரை ஒரு முறை வெறும் வண்டியைத் தள்ளிப் பார்ப்பேன். எங்கே வாசற்படி தடுக்கும், எந்தத் திருப்பத்தில் வண்டி சுவரை உரசும், லிஃப்ட் கதவு எத்தனை நொடி திறந்திருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். காவலாளி என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். கடிதத்தைக் காட்டினேன், விட்டுவிட்டார்.

முதல் மாடியில் பதிவறை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். கம்பும் கையுமாக ஒருவர் வந்து சீட்டை நீட்டினார். அந்த அம்மா சீட்டை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போனார், ஃபைலோடு வந்தார். கம்போடு வந்தவர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துக் கை நீட்டுவதற்குள் ஃபைல் அங்கே இருந்தது. நான் வண்டியைத் தள்ளாமல் நின்றேன். இன்னும் நாலு பேர் வந்தார்கள். நாலு பேருக்கும் அதே வேகம்.

குப்பையில் இப்படி எடுக்க முடியாது.

கூட்டம் குறைந்ததும் ஜன்னலிடம் போய், நாளைக்கு வரப் போகிற குழுவில் ஒருவன் என்று சொன்னேன். எப்படி இவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஆறு இலக்க எண்.

“கடைசி ரெண்டு இலக்கத்தைப் பாருங்க. எட்டு. அப்ப பூஜ்ஜியம் எட்டுங்கிற அலமாரிக்குப் போகணும். அங்க போய் நடு ரெண்டு இலக்கம். அப்புறம்தான் முதல் ரெண்டு” என்றார்.

பூஜ்ஜியம் பூஜ்ஜியத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை நூறு பிரிவுகள். ஒன்று, இரண்டு என்று வரிசையாக வைத்தால் புதிதாக வருகிறவர்களின் ஃபைலெல்லாம் ஒரே மூலையில் வந்து குவியும், இப்படி வைத்தால் நூறு இடத்துக்கும் சமமாகப் பிரிந்து போய்விடும் என்று விளக்கினார். ஃபைலின் ஓரத்தில் இலக்கத்துக்கு ஒரு நிறம் ஒட்டியிருந்தது. கதவோரம் நின்று பார்த்தபோது அந்த நிறங்கள் என் கண்ணில் படவே இல்லை.

“யாராவது இதை ஒண்ணுலேருந்து வரிசையா அடுக்கிக் குடுத்தா?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“குடுத்தாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி கீழேயிருந்து இந்த மாடிக்கு மாத்தினப்ப, வந்தவங்க நல்ல மனசோட ஒழுங்குபடுத்தி வச்சுட்டுப் போனாங்க. திரும்ப அடுக்க மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் இந்த ஜன்னல்ல நின்னு பேச்சு வாங்கினவ நான். ஒருத்தருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஃபைல்ல எழுதியிருந்தது. ஃபைல் கிடைக்கல.”

“அப்புறம்?”

“பிழைச்சுட்டார். அதனால எல்லாரும் மறந்துட்டாங்க.”

நாளை எங்கள் பேச்சைக் கேட்டு முடிவு செய்யப் போகிற மூன்று பேரில் அவரும் ஒருவராம். ஆனால் தன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினார்.

மாடிப்படியில் நின்று மச்சானுக்குப் போன் போட்டேன். ஆறாவது ஸ்லைடை எடுத்துவிடு என்றேன். அவன் காலையிலேயே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டானாம். அங்கே அச்சிட்டு மூன்று பேருக்கும் கொடுத்தும் இருப்பார்களாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய தகராறு. மச்சான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறாவது ஸ்லைடைப் பட்டென்று தாண்டிப் போய்விடுகிறேன், வேலை கைக்கு வந்த பிறகு அந்த அம்மா சொல்கிற மாதிரியே அடுக்கிவிடலாம், இப்போது போய் நாங்கள் சொன்னது தப்பு என்று நாங்களே சொன்னால் எவன் வேலை கொடுப்பான் என்றான். பெரியப்பாகூட அவன் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

“அச்சடிச்ச பேப்பர்ல இருக்கே. அந்த அம்மா அதைப் படிக்கும்தானே?” என்றேன்.

“அவங்களை யாரும் கேக்கமாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க.”

“நான் கேப்பேன்.”

“அத்தான், மூணு நிமிஷத்துல என் பன்னெண்டு நிமிஷத்தைக் கவுத்துட்டு வரப் போறீங்களா? சபையில வச்சு என் மூக்கை அறுக்கப் போறீங்க, அவ்வளவுதான?”

மனைவி ஓர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அளவு தப்பு என்று வெட்டுவதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் சொல்லிவிடுவாளாம், வெட்டின பிறகு தெரிந்தால்தான் வாயை மூடிக்கொண்டு துணி வாங்கப் போவாளாம். மச்சான் லேப்டாப்பை மூடினான். ஸ்லைடைத் தாண்டுவேன், மற்றது உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான்.

அன்றிரவு நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. எதைக் கடைசியாக வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் காகிதம் தேவைப்படவில்லை.

மறுநாள் நீள மேசை போட்ட சின்ன அறை. எங்களுக்கு முன்னால் போனவர்கள் ஒரே நிறச் சட்டையும் பளபளக்கிற காலணியுமாக வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பெரியப்பாவும் தலையாட்டினார், அவர்கள் காலணியைப் பார்த்துக்கொண்டே. உள்ளே மூன்று பேர். நடுவில் நிர்வாக அதிகாரி. ஒரு பக்கம் ஒரு மருத்துவர், கைபேசியை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலியில் பதிவறை அம்மா. அவர் முன்னால் எங்கள் காகிதம் ஆறாவது பக்கத்தில் திறந்து கிடந்தது. ஓர் எழுத்தர் கைபேசியில் நேரம் வைத்தார்.

மச்சான் நன்றாகப் பேசினான். கோபத்தில் இருந்தாலும் தொழிலில் குறை வைக்க மாட்டான். ஐந்தாவது ஸ்லைடு முடிந்து ஆறாவது வந்தது. கொடுத்த வாக்குப்படி அடுத்ததுக்குத் தட்டினான். அதிகாரி கையை உயர்த்தினார்.

“இருங்க. போன பக்கம். அந்த ஃபைல் அடுக்கித் தர்றது, அது இலவசமா?”

மச்சான் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஆனால் அவன் வாய் அவனுடையது அல்ல, மைக்கினுடையது. ஆமாம் ஐயா, முற்றிலும் இலவசம், ஒன்று முதல் கடைசி வரை, ஒரு ஃபைல் பிசகாது என்று அரை நிமிடம் பேசிவிட்டான். அதிகாரி பேனாவை எடுத்து எதையோ எழுதி அதற்கு அடியில் கோடும் போட்டார். பதிவறை அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

எங்களிடம் அதிகாரிக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதைத்தான் நான் பிடுங்க வேண்டும். பின்னால் சுவரோரம் பெரியவனும் சின்னவனும் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை. பீரோ விழுந்த சின்னவனின் கால் இன்னும் சரியாக மடங்காது, நீட்டி வைத்திருந்தான்.

எழுத்தர் மூன்று நிமிடம் என்றார். நான் மச்சான் நின்ற இடத்துக்குப் போகவில்லை. அங்கே திரை வெளிச்சம் கண்ணில் அடித்தது. மேசைக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன்.

“ஆறாவது பக்கத்தை எடுத்துடுங்கய்யா. அது தப்பு. தம்பி மேல தப்பில்ல, நான் சொன்னதைத்தான் அவன் எழுதினான். உங்க பதிவறையைக் கதவுகிட்ட நின்னு அரை நிமிஷம் பாத்துட்டு, கலைஞ்சு கிடக்குன்னு சொன்னவன் நான்.”

மருத்துவர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். மச்சான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபைல்கள் கலைந்து கிடக்கவில்லை, கடைசி இரண்டு இலக்கப்படி நூறு பிரிவாக இருக்கின்றன என்று சொன்னேன். நாங்கள் சொன்னபடி ஒழுங்குபடுத்தினால், புதுக் கட்டடம் திறக்கிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜன்னலில் நிற்கிற முதல் ஆளுக்கே ஃபைல் கிடைக்காது. பத்து வருடத்துக்கு முன்னால் மூன்று வாரம் கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் ஒரு ஃபைலைக்கூட ஒழுங்குபடுத்த மாட்டோம். எடுத்த வரிசையிலேயே வைப்போம்.

அதிகாரி தான் போட்ட அடிக்கோட்டைப் பார்த்தார். “அப்ப இலவசமா ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க.”

“இல்லைங்கய்யா.”

நெற்றியில் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்றும் பார்க்கவில்லை.

“சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாத்தினதும் ஆரம்பிப்போம். ஒரு நடைக்கு இருபது பிரிவு, அஞ்சு நடை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடியும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு முதல் சீட்டு வர்றப்ப அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் நான் நிப்பேன். இன்னைக்கு எவ்வளவு நேரத்துல ஃபைல் வருதோ, அன்னைக்கும் அவ்வளவு நேரத்துல வரணும். வரலைன்னா மத்த மாடி எதையும் எங்களுக்குக் குடுக்க வேணாம். பதிவறையை எங்களுக்குக் குடுங்க.”

அதோடு நிறுத்தினேன். நன்றி சொல்ல வாய் வந்தது, விழுங்கிவிட்டேன். உட்காரவும் இல்லை. மச்சான் பின்னால் மெல்ல இருமினான், ஏதாவது சொல்லுங்கள் என்கிற இருமல். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, பதில் அவர்களிடம் இருக்கிறது. எழுத்தரின் கைபேசி மணியடித்தது. அவர் அதை அணைத்தார்.

பதிவறை அம்மாதான் முதலில் வாய் திறந்தார். “ஞாயித்துக்கிழமை அவசரத்துக்கு ஒருத்தர் வந்தா? பாதி ஃபைல் இங்க இருக்கும், பாதி லாரில இருக்கும்.”

“சீட்டுல இருக்கற கடைசி ரெண்டு இலக்கத்தைச் சொல்லுங்கம்மா. எந்த நடைன்னு எனக்குத் தெரியும். பெட்டி மேல நாலு பக்கமும் எழுதியிருக்கும். லாரி தெருவுல இருந்தாலும் நிறுத்தி எடுத்துத் தருவேன்.”

“உள்ள அடியில இருந்தா?”

“முதல் நடைல பத்தொம்பதைத்தான் முதல்ல உள்ள தள்ளுவோம். பூஜ்ஜியம் பூஜ்ஜியம் கடைசியா, கதவை ஒட்டி. அப்பதான் இறக்கறப்ப உங்க அலமாரி வரிசையிலயே இறங்கும். நடுவுல ஒரு ஆள் போற சந்து விட்டு அடுக்குவோம். ஒரு நடைக்குப் பெட்டி கொஞ்சம் குறையும். அதைக் கணக்குப் போட்டுத்தான் அஞ்சு நடைன்னு சொன்னேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எங்கள் காகிதத்திலிருந்து ஆறாவது பக்கத்தைக் கழற்றித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் முறையாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது குழு போன பிறகு சொல்கிறோம், வெளியே இருங்கள் என்றார்.

லாரி பக்கத்தில் நின்றோம். இரண்டு மணி நேரம். மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்குக்கு அணைக்கிற பொத்தான் கிடைத்துவிட்டது என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. பெரியவன் என் பக்கத்தில் வந்து நின்று, என்ன அண்ணே, அந்த ஆளுக்குப் பிடிச்ச ஒரே விஷயத்தை எடுத்துட்டீங்களே என்று மெல்லக் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது, அதுதான் அவன் குரலில் இருந்தது. சொல்லாமல் வாங்கியிருந்தால் திங்கட்கிழமை காலை அந்த ஜன்னலில் நாம் ஐந்து பேரும் பேச்சு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்றேன். அவன் தலையை ஆட்டினான். ஒப்புக்கொண்டானா, வயதில் மூத்தவனிடம் என்ன வாதாடுவது என்று விட்டுவிட்டானா, தெரியவில்லை.

எழுத்தர் வந்து என்னையும் மச்சானையும் கூப்பிட்டார். அதிகாரி நின்றுகொண்டே பேசினார். முதலில் பதிவறை மட்டும் உங்களுக்கு. மருத்துவமனையின் மற்ற நாலு மாடிக்கும் இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லை. திங்கட்கிழமை அந்த ஜன்னல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம். எட்டு மணிக்கு நானும் வந்து நிற்பேன் என்றார்.

“வாங்கய்யா” என்றேன்.

வெளியே வந்து சொன்னோம். சின்னவன் நீட்டின காலைத் தேய்த்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தான். பெரியவன் லாரியின் பின்பக்கம் ஏறினான். தம்பிக்குக் கை கொடுத்துத் தூக்கினான். நானும் மச்சானும் முன்னால் பெரியப்பா பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தோம்.

மச்சான் மடியில் லேப்டாப்பைத் திறந்தான்.

“என் மேல தப்பில்லன்னு சொல்லியிருக்க வேணாம். நான்தான் இலவசம்னு போட்டேன்.”

“சரி. பாதி உன் தப்பு.”

“இந்த ஆறாவதைத் திரும்ப எழுதணும் அத்தான். வேலைத் திட்டம்னு அந்த அம்மாகிட்ட குடுக்கணுமில்ல? சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.”

நான் சொன்னேன், அவன் தட்டினான். கடைசி இரண்டு இலக்கம், பிறகு நடு, பிறகு முதல். ஒரு பெட்டியில் ஒரு பிரிவுக்கு மேல் கலக்கக் கூடாது. எந்த இலக்கத்துக்கு எந்த நிறம் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

“நாளைக்கு அந்த அம்மாகிட்ட போய்க் கேப்போம், ரெண்டு பேருமா” என்றேன்.

“என்னைப் பாத்தாலே திட்டுவாங்க.”

“திட்டட்டும். வாங்கிக்கிட்டே எழுதிக்க.”

பெரியப்பா சாவியைத் திருப்பினார். லாரி வழக்கம்போல இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது முறை பிடித்தது. பின்னாலிருந்து தகரத்தை யாரோ தட்டினார்கள். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பெரியவன்.

“அண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

“ஏழு மணிக்கு” என்றேன்.